குட்டி பாட்டிலா, வீட்டுத் தயிரா?

கேள்வி: ஆன்டிபயாடிக் சாப்பிட்டதிலிருந்து மாமியாருக்கு வயிறு சரியில்லை. யாகுல்ட் தரலாமா, வீட்டுத் தயிரே போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகத் தரலாம். யாகுல்ட், நல்ல பாக்டீரியா சேர்த்துப் புளிக்கவைத்த பால் பானம். 1930-ல் ஜப்பானின் மினோரு ஷிரோட்டா என்ற விஞ்ஞானி வளர்த்தெடுத்த பாக்டீரியா அதில் இருக்கிறது. வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு குடலுக்குப் போகும். 65 மில்லி பாட்டிலில் 650 கோடி. ஆனால் சர்க்கரையும் உண்டு. மாமியாருக்குச் சுகர் இருந்தால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஃப்ரிட்ஜுக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

வீட்டுத் தயிரிலும் நல்ல கிருமிகள் உண்டு. எந்த வகை, எத்தனை என்றுதான் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு கெட்டாலும் அம்மா முதலில் கரைப்பது மோர்தான். உப்பும் சீரகப்பொடியும் மட்டும். அப்புறம், ஆவி பறக்கும் சோற்றில் தயிரைக் கொட்டாதீர்கள், கிருமி செத்துவிடும். ஆறவிட்டுப் பிசையுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும், யாகுல்ட் அல்லது தயிருக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பேதியில் ரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.