வாசகர் கேள்வி – பதில்: குளிர்க்கோட்டை வீட்டிலேயே துவைக்கலாமா?

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் வீடுகளிலும், ராணுவத்தில் ஆள் இருக்கும் வீடுகளிலும் பீரோவில் ஒரு கனத்த கோட்டாவது தொங்குகிறது. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கே: டொரொன்டோவில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஜெர்கினை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். உள்ளே வாத்து இறகு. மெஷினில் துவைத்துக் கொடியில் காயப் போட்டேன். இப்போது அங்கங்கே உருண்டை கட்டி, கோழிக்கூண்டு வாடை அடிக்கிறது. கெட்டுப் போய்விட்டதா?
— வாசகி, பாளையங்கோட்டை

ப: கெடவில்லை. மேல்துணி காய்ந்துவிட்டது, உள்ளே இறகு காயவில்லை. வாடைக்கும் உருண்டைக்கும் அதுதான் காரணம். ஜெர்கினைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தையல் கட்டத்திலும் ஒரு மூலையில் கருப்பாகத் திட்டுத் தெரியும். அதுதான் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இறகு.

வாடை வந்துவிட்டதால் இன்னொரு முறை அலசியே ஆகவேண்டும். மேலே திறக்கும் மெஷின் வேண்டாம். உள்ளே காற்று அடைபட்டு ஜெர்கின் மிதக்கும், சுற்றும்போது ஒரு பக்கமாகச் சேர்ந்து தையல் கிழியும். முன்பக்கம் திறக்கும் மெஷின் இருந்தால் 30 டிகிரி, மென்துணிச் சுற்று, கூடுதலாக இரண்டு அலசல். இல்லையென்றால் அகலமான பிளாஸ்டிக் தொட்டி போதும். ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, பைகளைக் காலி செய்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். 15 லிட்டர் தண்ணீருக்குக் கம்பளி துவைக்கும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி. உள்ளங்கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி, 15 நிமிடம் ஊறவிடுங்கள். கசக்க வேண்டாம், பிரஷ் வேண்டாம். நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். நான்கு தண்ணீராவது ஆகும். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கி கூடவே கூடாது, இறகின் மேல் படிந்து அதை உப்பவிடாமல் செய்துவிடும்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். நனைந்த இறகு பயங்கரக் கனம், உள்தடுப்புகள் பிய்ந்துவிடும். இரு கையாலும் அள்ளி எடுத்து, தேங்காய்ப்பூத் துண்டில் சுருட்டி அமுக்குங்கள்.

இனி உலர்த்துவது. வேலையே இங்கேதான். கொடியில் போட்டால் இறகு முழுக்க அடிப்பக்கம் இறங்கிவிடும். நார்க்கட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, மேலும் கீழும் காற்றுப் போகும். நிழலில் விரித்து ஃபேனைப் போடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை உருண்டைகளை விரல் நுனியால் கிள்ளிப் பிரித்து, உதறி, திருப்பிப் போடுங்கள். காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னொரு நாள் விடுங்கள். மொத்தம் மூன்று நாள் பிடிக்கலாம். காலை வெயில் சிறிது நேரம் பட்டால் பரவாயில்லை; உச்சிவெயிலில் நைலானும் உள்பூச்சும் பாழாகும். சூடாக உலர்த்தும் மெஷின் கிடைத்தால் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போடுங்கள், உருண்டைகளை அவை தட்டி உடைத்துவிடும். மாசி, பங்குனி இந்த வேலைக்குத் தோதான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

தையல் வழியே இறகுத்தண்டு எட்டிப் பார்த்தால் வெளியே பிடுங்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கினால் அந்த ஓட்டை வழியே நாலு வரும். மறுபக்கத் துணியைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுங்கள்.

கே: கணவரின் நீளக் கம்பளிக் கோட்டில் கழுத்துப்பட்டை கருத்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. எங்கள் ஊர் போர் தண்ணீர் ஒரே உப்பு. வீட்டில் முக்கித் துவைக்கலாமா? ஸ்வெட்டரை அப்படித் துவைத்து ஒன்று சிறுத்தே போய்விட்டது.
— வாசகி, திசையன்விளை

ப: கோட்டை முக்காதீர்கள். நெஞ்சுப் பகுதியில் உள்ளே பசை வைத்து ஒட்டிய துணி உண்டு. தண்ணீரில் அது விட்டுப்போனால் முன்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதற்கு வைத்தியம் கிடையாது. லேபிளில் வட்டம் போட்டிருந்தால் டிரை கிளீனிங், தொட்டிக்குள் கை இருந்தால் கைத்துவைப்பு, தொட்டியின் மேல் பெருக்கல் குறி என்றால் தண்ணீரே ஆகாது.

கழுத்துப் பிசுக்குக்குச் சோளமாவை (கார்ன் ஃப்ளோர்) கனமாகத் தூவி ஒரு இரவு விட்டு, மென்பிரஷ்ஷால் நூல் ஓடும் திசையில் தட்டுங்கள். மிச்சத்துக்கு, ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி கம்பளித் திரவம் கலக்கி நன்றாக அடித்து, நுரையை மட்டும் வெள்ளைத் துணியில் எடுத்து ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் உள்மடிப்பில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிரை கிளீனிங் கடையில் இருந்து வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, ஒரு நாள் காற்றாட விட்டு, அகலத் தோள் உள்ள ஹேங்கரில் மாட்டுங்கள்.

ஸ்வெட்டர் சிறுத்ததற்குத் தண்ணீரின் உப்பு காரணமல்ல, சூடும் கசக்கலும்தான். கம்பளி இழையில் மீன்செதில் போன்ற அடுக்கு இருக்கிறது. சூட்டிலும் காரச் சோப்பிலும் அது விரிந்து, தேய்க்கத் தேய்க்க ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மதியம் தட்டட்டித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கோடையில் அதற்குப் போதுமான சூடு. விடியற்காலைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு போட்டால் சாம்பல் நிறப் படிவு கம்பளியிலேயே தங்கும். அதனால் திரவம்தான் சரி. கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விடலாம்.

பூந்திக்கொட்டையும் கம்பளிக்கு ஏற்றது. கொட்டை நீக்கிய பத்துத் தோல்களை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, ஆறிய பின் ஐந்து லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஒரு ஸ்வெட்டருக்குப் போதும். வெள்ளை ஸ்வெட்டருக்கு வேண்டாம், லேசாகப் பழுப்பேறும். எதில் துவைத்தாலும் ஸ்வெட்டரைத் தொங்கவிடாமல் பாயில் விரித்தே உலர்த்துங்கள்.

கே: சாரல் தொடங்கினால் பீரோவிலிருக்கும் தோல் கோட்டில் பூசணம் பூத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
— வாசகர், தென்காசி

ப: வேண்டாம். தோல் கருக்கும், தூசி ஒட்டும். பூசணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியைப் பிழிந்து லேசாகத் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் விட்டு, பிறகு தோல் பொருட்களுக்கான கிரீமை மெல்லிசாகத் தடவுங்கள். பழைய பருத்தி வேட்டியால் உறை தைத்துப் போடுங்கள், பிளாஸ்டிக் ஆகாது. ஆனி, ஆடியில் வாரம் ஒருமுறை பீரோவைத் திறந்து வையுங்கள். உரிந்து செதிலாக உதிர்வது உங்கள் கோட்டானால் அது தோல் அல்ல, ரெக்சின். எதைத் தடவினாலும் ஒட்டாது.

கே: பூச்சிக்கு வேப்பிலை போதுமா, பாச்சை உருண்டை போடவேண்டுமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
— வாசகி, சங்கரன்கோவில்

ப: கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் அது தேடிப் போகும். எனவே ஒருமுறை உடுத்தியதைக்கூடச் சுத்தம் செய்யாமல் உள்ளே வைக்காதீர்கள். வேப்பிலையும் நொச்சியும் பூச்சி வருவதைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பச்சையாகப் போட்டால் ஈரம்தான் சேரும். சந்தேகம் இருந்தால் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை (நாஃப்தலின்) வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்ட துணியாலேயே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரலாம். பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் போட்டால், ஆவி கீழ்நோக்கி இறங்குவதால் துணி முடிச்சாகக் கட்டி மேலே தொங்கவிடுங்கள். கற்பூரத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் கலந்தால் நம் ஊர் வெயிலுக்கு உருகி எண்ணெய்க் கறையாகிவிடும்.

கே: ஜெர்கின் ஜிப் பாதியில் சிக்குகிறது.
— வாசகர், களக்காடு

ப: பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பற்களிலிருக்கும் தூசியை எடுத்துவிட்டு, உலோக ஜிப்பென்றால் பென்சில் முனையால், பிளாஸ்டிக்கென்றால் மெழுகுவர்த்தியால் இருபுறமும் தேய்த்து, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். மேலே ஏற்றியபிறகும் பின்னால் பிரிந்துகொண்டே வந்தால் இழுப்பான் தளர்ந்திருக்கிறது. அதன் இரு ஓரத்தையும் குறடால் துளி அமுக்குங்கள்; அதிகம் அமுக்கினால் உடைந்துவிடும்.