டோக்கியோல வாங்குன ஹிரோஷிகே நரிப் படம்: ஒரிஜினலா, எப்படி மாட்டுறது?

கேள்வி: டோக்கியோல வேலை பாக்குறேன் சார். ஜிம்போச்சோ பழைய புக் கடைத் தெருவுல ஒரு பிரிண்ட் வாங்கினேன், ராத்திரி நேரம், மொட்டை மரத்தடியில நரிங்க கூட்டமா நிக்குது, ஹிரோஷிகேன்னு பழைய ஜப்பான் ஓவியரோட படம்னாங்க, 12,000 யென். இது ஒரிஜினலா, இல்ல ஏமாந்துட்டேனா? பால்கனி கதவுக்கு எதிர்சுவத்துல மாட்டலாம்னு இருக்கேன்.

பதில்: ஏமாந்துட்டீங்கன்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா 1857-ல அச்சான தாளா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, அந்தத் தாளெல்லாம் இந்த விலைக்குப் பக்கத்துலயே வராது. அதுக்காக டூப்ளிகேட்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

உங்க படம் எடோவோட நூறு புகழ்பெற்ற இடங்கள்ங்கிற வரிசையில 118-வது. எடோங்கிறது இப்போ நீங்க இருக்கிற அதே டோக்கியோதான், படத்துல இருக்கிற ஓஜி இப்போ கிட்டா வார்டுல வருது, அன்னைக்கு வெறும் வயக்காடு. வருஷக் கடைசி ராத்திரி சுத்துவட்டார நரியெல்லாம் அந்த எனோகி மரத்தடியில கூடி, உடுப்பு மாத்திக்கிட்டு ஓஜி இனாரி கோயிலுக்குப் போகும்னு ஜனங்க நம்பிக்கை. இனாரி நெல்லுக்கான தெய்வம், நரி அதுக்குத் தூதுவன். நரிங்க மூஞ்சிகிட்ட சின்னச் சின்ன தீ எரியுது பாருங்க, ஏறக்குறைய கொள்ளிவாய்ப் பிசாசு கதைதான், ஆனா அங்க யாரும் பயந்து ஓடல, எத்தனை வெளிச்சம் தெரியுதுன்னு பாத்து அடுத்த வருஷ வெள்ளாமை எப்படின்னு விவசாயிங்க கணிச்சாங்களாம். வலது பக்கம் தூரத்துல இன்னொரு கூட்டம் வந்துக்கிட்டே இருக்கும், பலர் அதைக் கவனிக்கவே மாட்டாங்க.

இப்போ ஒரிஜினல் விஷயம். இது மரப்பலகையில வெட்டி அச்சடிக்கிற படம், ஹிரோஷிகே வரைஞ்சு மட்டும்தான் குடுத்தாரு. செர்ரி மரப் பலகையில வெட்டினது ஒரு ஆளு, கலருக்கு ஒரு பலகைன்னு வச்சு ஒவ்வொண்ணா அச்சடிச்சது இன்னொரு ஆளு, காசு போட்டது உஓயா எய்கிச்சிங்கிற பதிப்பாளர். ஓவியர் கையால வரைஞ்ச ஒரே ஒரு பிரதின்னு எதுவுமே கிடையாது. 1858-ல ஹிரோஷிகே இறந்துட்டாரு, அப்புறம் அதே படத்தைப் புதுப் பலகையில திரும்ப வெட்டி அச்சடிக்கிற வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கு, டோக்கியோல அடாச்சி மாதிரி பட்டறைங்க இன்னைக்கும் கையாலதான் பண்றாங்க. அதனால நீங்க கேக்க வேண்டியது, இது கையால அடிச்சதா, மெஷின்ல அடிச்ச போஸ்டரா, அவ்ளோதான்.

அதை வீட்டுலயே பாத்துடலாம். போன் மேக்ரோ மோடுல வானத்தை ஜூம் பண்ணுங்க. ஒழுங்கு வரிசையா குட்டிக் குட்டிப் புள்ளிங்க தெரிஞ்சா ஆப்செட், அதாவது மெஷின் அச்சு, கதை முடிஞ்சுது. புள்ளி இல்லாம கலர் தாளோட நாருக்குள்ள ஊறின மாதிரி இருந்தா அடுத்து திருப்பிப் பாருங்க, தாளை ஓரத்தைப் புடிச்சு ரெண்டு கையால. பின்பக்கம் கலர் லேசா கசிஞ்சிருக்கும், பாரென்னு ஒரு வட்டமான தேய்ப்பான் வச்சு அழுத்தித் தேய்ப்பாங்க, அந்தத் தேய்ச்ச தடம் சாய்ச்ச வெளிச்சத்துல வளைவு வளைவாத் தெரியும். வானத்துல கருப்பு கொஞ்சம் கொஞ்சமா கரையுதே அதுக்கு பொகாஷின்னு பேரு, பலகையில இருக்கிற ஈரச் சாயத்தை ஒவ்வொரு தாளுக்கும் கையாலயே தேச்சு விடுறது, அதான் ரெண்டு பிரதி அச்சு அசலா ஒண்ணா இருக்காது. தாள் ஓரத்துல பதிப்பாளர் முத்திரை ஏதாவது இருந்தா போட்டோ எடுத்துக் கடைக்காரர்கிட்டயே கேளுங்க, ஜிம்போச்சோல பழைய கடைக்காரங்களுக்கு அது அத்துப்படி. சைஸ் சுமார் 36க்கு 24 சென்டிமீட்டர் வரணும், ஓரத்தை வெட்டியிருந்தா கம்மியா இருக்கும்.

பால்கனி எதிர்சுவர் வேணவே வேணாம். வெயிலுல போன கலர் எந்த வைத்தியத்துக்கும் திரும்பாது, யூவி கண்ணாடி போட்டாலும் வேகம் குறையுமே தவிர நிக்காது. நேர் வெயில் படாத உள்சுவர் பாருங்க. பிரேம் கடையில ரெண்டே விஷயம் அழுத்திச் சொல்லுங்க: படத்துக்குப் பின்னால வைக்கிற அட்டை (மவுண்ட் போர்டு) ஆசிட் இல்லாததா இருக்கணும், அப்புறம் செலோ டேப்பு, பெவிகால் எதுவும் தாள் மேல படக்கூடாது. மேல் ஓரத்துல ரெண்டு இடத்துல மட்டும் வாஷிங்கிற ஜப்பான் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வச்சு ஒட்டினாப் போதும், கீழ்ப்பக்கம் ஃப்ரீயா தொங்கட்டும், ஏன்னா ஜூன் ஜூலை மழைக்காலத்துல தாள் ஈரம் குடிச்சு விரியும், நாலு பக்கமும் ஒட்டியிருந்தா சுருக்கம் விழுந்துடும். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது, நடுவுல கட்டாயம் இடைவெளி வேணும், இல்லன்னா அதே ஈரத்துல பூஞ்சை புடிச்சுக்கும். லேமினேஷன்னு கடைக்காரர் வாயைத் திறந்தாலே படத்தை வாங்கிட்டு வெளிய வந்துடுங்க.

என்னைக் கேட்டா வருஷம் பூரா மாட்டவே வேணாம். படமே வருஷக் கடைசி ராத்திரிப் படம், டிசம்பர்ல எடுத்து மாட்டி ஜனவரி முடிஞ்சதும் ஆசிட் இல்லாத தாளுக்கு நடுவுல படுக்கையா டிராயர்ல வச்சிடுங்க. ஊருக்குக் கொண்டு வர்றப்போ டியூப்ல சுருட்டாதீங்க, ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வச்சு கையிலயே எடுத்துட்டு வாங்க.