தீராத நோயில் தீராத அசதி: கேள்வி பதில்

கேள்வி: முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கிறேன். மூட்டு வீக்கம் போய்விட்டது, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். சரியாக இருக்கிறது. ஆனால் எழும்போதே அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. மருந்து போதவில்லையா?

பதில்: அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வீக்கம் வடிகிற வேகத்தில் அசதி வடிவதில்லை. மருந்தைக் கூட்டும் முன் வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் பி12, சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம்). குறட்டை விட்டு, மூச்சுத் திணறி விழிப்பவர் என்றால் தூக்கப் பரிசோதனை தேவை. மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் எல்லாமே அசதி தரக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென விட்டால் இதயத்துக்கு ஆபத்து.

கேள்வி: குடல் அழற்சி நோய் இருக்கிறது. ஃபெரிட்டின் 60, நார்மல் என்கிறார்கள். ஹீமோகுளோபின் மட்டும் கொஞ்சம் குறைவு.

பதில்: அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அதனால் உடம்பில் இரும்பு குறைந்திருந்தும் எண் நன்றாகத் தெரியும். அழற்சி உள்ளவருக்கு 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவை ஒதுக்கிவிட முடியாது. அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி.யும், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் சேர்த்துக் கேளுங்கள். சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு என்ற சந்தேகம் வலுக்கிறது. நோய் தீவிரமாக இருக்கையில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். அப்போது மாத்திரையைவிட இரத்தக் குழாய் வழி ஏற்றும் இரும்பே பலன் தரும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

கேள்வி: கோவிட் வந்து ஒரு வருடம் ஆகிறது. நன்றாக இருக்கும் நாளில் வேலையெல்லாம் முடித்தால், இரண்டு நாள் கழித்து எழவே முடிவதில்லை. "தினமும் கொஞ்சம் கூட்டி நட" என்கிறார்கள்.

பதில்: உங்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. உழைப்புக்கு 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு சரிந்து, நாட்கணக்கில் கிடந்தால் அது சாதாரணக் களைப்பு இல்லை. நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளமே இதுதான். அந்த நோய்க்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் சொன்னது. புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய அசதிக்கோ அளவான உடற்பயிற்சி உண்மையிலேயே உதவுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான் பலர் இன்னும் மோசமாகிறார்கள்.

இரண்டு வாரம் குறிப்பேடு எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம், அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தது. படிப்பது, பேசுவது, கவலைப்படுவதும் கணக்கில் வரும். சரிவு வராத அளவைக் கண்டுபிடித்து, அதற்கும் கொஞ்சம் கீழேயே நில்லுங்கள். களைப்பதற்கு முன்பே ஓய்வெடுக்க வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் நல்ல நாளில்தான்: விட்டதைப் பிடிக்கும் ஆசை.

கேள்வி: நின்றாலே படபடப்பு, தலை கிறுகிறுப்பு. இதுவும் அசதியோடு சேர்ந்ததா?

பதில்: சேர்ந்தே வரலாம். 5 நிமிடம் படுத்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு சுவரில் சாய்ந்து அசையாமல் 10 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை அளவிடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மயக்கம் வந்தால் உடனே உட்காருங்கள். பெரியவர்களுக்கு அழுத்தம் இறங்காமலே துடிப்பு 30-க்கு மேல் கூடி நிலைத்தாலோ, மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். இதற்கு உப்பைக் கூட்டச் சொல்லும் யோசனை சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு ஆகாது.

கேள்வி: பல மாதம் எடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். அசதி தாங்கவில்லை.

பதில்: காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கலாம்; அதனால்தான் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். வாந்தி, மயக்கம், குறைந்த அழுத்தம், குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போய், ஸ்டீராய்டு நிறுத்தியதை முதலில் சொல்லுங்கள்.