இறாலும் மீனும் தரவிதிகளும்: கேள்வி பதில்

கடல் உணவு ஏற்றுமதிக்கு வெளிநாடுகள் விதிக்கும் தரவிதிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

செல்வம்: விதி கடுமையானால் ஏற்றுமதி படுத்துவிடாதா?

முதலில் படுக்கும். எழுந்திருப்பது அந்தந்த நாட்டின் கையில். விஷம் கலந்து மீன் பிடிக்கிறார்கள் என்ற புகாரில் 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி மீனை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. அந்த ஏரிக்கரை நாடான உகாண்டாவில் மீன் ஆலைகள் மூடின. ஐரோப்பா மீனை மட்டும் பார்க்கவில்லை. கரையில் யார் சோதிக்கிறார், ஆலையை மூட அவருக்கு அதிகாரம் உண்டா, ஆய்வகம் எங்கே என்றெல்லாம் கேட்டது. உகாண்டா ஆய்வு முறையைச் சீரமைத்தது. 2000இல் தடை நீங்கியது. பிறகு ஏற்றுமதி நன்றாகவே வளர்ந்தது. ஆனால் ஐஸும் சிமென்ட் தளமும் இல்லாத சின்னக் கரைகள் அந்த வளர்ச்சியில் சேரவில்லை. ஆய்வகம், குளிர் அறை, பதிவேடு என்று ஆகும் செலவில் பெரும்பகுதி சரக்கு குறைந்தால் குறையாது. அதனால் நாட்டின் கணக்கு ஏறும்போதே சிறு ஏற்றுமதியாளர் காணாமல் போவார்.

ரேவதி: ஐரோப்பாவுக்கு இறால் அனுப்ப எந்தச் சான்றிதழ் வேண்டும்?

ஆலைக்கு ஒப்புதல் எண், ஒவ்வொரு சரக்குக்கும் சுகாதாரச் சான்று. இரண்டும் நம் அரசின் ஏற்றுமதி ஆய்வு முகமை வழியாக. ஐஎஸ்ஓ போன்றவை வாங்குபவர் கேட்பவை, சட்டம் கேட்பவை அல்ல. சான்றைவிட முக்கியம், இறால் குளத்தில் இருக்கும்போதே ஆன்டிபயாடிக் சோதனை செய்துவிடுங்கள். இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் எல்லையில் சோதிக்கும் பங்கை ஐரோப்பா 2016இல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக ஏற்றியது.

முருகேசன்: ஆமையைக் காட்டி அமெரிக்கா நம் இறாலைத் தடுத்ததே, அது வெறும் வியாபாரத் தந்திரம்தானே?

பாதி சரி. இழுவை வலையில் ஆமை தப்பிக்க, கம்பித் தடுப்பும் ஒரு திறப்பும் வைக்கச் சொன்னார்கள். இறால் கம்பிகளின் இடையில் உள்ளே போகும், ஆமை வெளியே போகும். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குப் போட்டன. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 1998இல் ஆமையைக் காப்பது நியாயம் என்றது; நடத்திய விதம்தான் தவறு என்றது. கரீபியன் பகுதி நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசம், நமக்கு 4 மாதம்.

முருகேசன்: அப்படியானால் ஜெயித்தது நாம்தானே?

வழக்கில் ஆமாம். ஆனால் அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டு விதியை வைத்துக்கொண்டது. மலேசியா மறுபடி போய் 2001இல் தோற்றது. அந்த விதி வளர்ப்பு இறாலைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். 2009இல் வனாமி என்ற இறால் வகையின் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் நம் இறாலுக்குப் பெரிய சந்தையே அமெரிக்காதான். அடிபட்டது கடலுக்குப் போகிறவர்.

முருகேசன்: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

இல்லை, நீங்கள் எல்லா விதியையும் சூழ்ச்சி என்கிறீர்கள். அவகாசம் கேட்டுச் சண்டை போடுங்கள், சேர்ந்து நிற்கிறேன். தடை செய்த மருந்தைக் குளத்தில் போட்டுவிட்டு அதே வாதத்தைச் சொன்னால் வரமாட்டேன்.

கண்ணன்: ஜிஎஸ்டி ரீஃபண்ட் எப்போது வரும்?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: ஐரோப்பாவுக்கு என்ன சான்றிதழ்?

ரேவதிக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஜோசப்: கன்டெய்னர் கிளம்பிவிட்டது, இப்போது சோதனைக்குக் கொடுக்கலாமா?

கொடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? குளத்தில், அறுவடைக்கு முன்னால். மூன்றாம் முறை எழுத வைக்காதீர்கள்.