கேள்வி-பதில்: பழைய ஆட்டோமேட்டிக் காருக்குத் தனி கூலர் வாங்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010 மாடல் பெட்ரோல் கார், நாலு கியர் ஆட்டோமேட்டிக். காலையில் நன்றாக ஓடுகிறது. மெயின் ரோட்டில் வேகமாகப் போனாலும் பிரச்சினை இல்லை. வெயில் நேரத்தில் கும்பகோணம் ஊருக்குள் ஊர்ந்து போய் வந்தால் மட்டும் கியர் மாறும்போது உதைக்கிறது. சில சமயம் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸ் சூடாகிறது, தனியாக ஓர் ஆயில் கூலர் மாட்டினால் சரியாகிவிடும், 7,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: மாட்டலாம். ஆனால் அது கடைசி வேலை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களைப் போல உங்கள் காரிலும் ஒரு கூலர் ஏற்கெனவே இருக்கும். ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே அது அடங்கியிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் அங்கே போய் வரும். அது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்காமல் இன்னொன்றை மாட்டினால், நோய் அப்படியே இருக்கும், 7,000 ரூபாய் போயிருக்கும்.

சூடு பிறக்கும் இடம் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலாதபோது அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாக மாறுகிறது. மெயின் ரோட்டில் ஒரு வேகம் வந்ததும் கன்வெர்ட்டரின் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், சூடு குறைந்துவிடும். ஊர்ந்து போகும்போது பூட்டாது. முகப்பில் காற்றும் அடிக்காது. அந்த நேரத்தில் காற்று கொடுப்பது ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுதான். உங்கள் தொல்லை ஊருக்குள் மட்டும் வருகிறது என்பதால் என் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். ஏசியைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா, முழு வேகத்தில் ஓடுகிறதா? பழைய காரில் ஃபேன் மோட்டார் தளர்ந்து சுற்றுவதும், ரிலே போய் ஒரு வேகம் மட்டும் வேலை செய்வதும் சகஜம்.

அடுத்த சந்தேகம் நம்மூர்ச் சமாச்சாரம். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லின் ஓரமாகப் போகாத வண்டி டெல்டாவில் ஏது? பதரும் வைக்கோல் துணுக்கும், முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியே விடும் தகடு) அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், பின்னால் மெத்தை போட்டதுபோல் அடைந்திருக்கும். வாட்டர் சர்வீஸில் முன்பக்கமிருந்து வேகமாகப் பீய்ச்சி அடித்தால் அடைப்பு இன்னும் இறுகும், மெல்லிய தகடுகளும் மடங்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். நடுவில் அடைந்திருப்பது வராவிட்டால் ரேடியேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, போர் தண்ணீர். ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் திரவம் குறைந்தால் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது பலருக்குப் பழக்கம். கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. மற்ற இடங்களிலும் கடினத்தன்மை உண்டு. உள்ளே காரை படிந்து சூடு வெளியேறாது. அதைவிடப் பெரிய ஆபத்து, தொட்டிக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் அரித்து ஓட்டை விழுவது. அப்போது கூலன்ட்டும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். கியர்பாக்ஸ் ஆயிலை அளந்து பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அந்த நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளின் பூச்சைத் தண்ணீர் உரித்துவிடும். புது ரேடியேட்டரின் விலை கியர்பாக்ஸ் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கியர்பாக்ஸ் ஆயிலின் நிறம் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் நேரம். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கிறது, எந்தக் கூலரும் அதைத் திருப்பித் தராது. கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றி, ஆயிலை ஃபில்டரோடு மாற்றச் சொல்லுங்கள். ஒரு தடவை வடித்தால் பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றுவது நல்லது. மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்கிறேன் என்று யாராவது சொன்னால், பழைய கியர்பாக்ஸுக்கு நான் சரி சொல்ல மாட்டேன். எந்த ரக ஆயில் என்பது காரின் கையேட்டில் இருக்கும். 'எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க' என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு சூட்டை அளந்து பாருங்கள். பல மாடல்களில் ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு தெரியும். 80 முதல் 95 டிகிரி சாதாரணம். அடிக்கடி 110-ஐத் தாண்டினால் தனிக் கூலருக்கு நியாயம் உண்டு. 120-க்கு மேல் ஆயில் கெட்டு உள்ளே பிசினாகப் படிய ஆரம்பிக்கும். 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தோராயமான கணக்கு.

வாங்குவதானால், குழாய் வளைத்து தகடு கோத்த ரகத்தைவிடத் தட்டுகளை அடுக்கிச் செய்த ரகம் அதே அளவில் அதிகச் சூட்டை இறக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் பூச்சு உள்ளதாகப் பாருங்கள், உப்புக்காற்று வெற்று அலுமினியத்தைத் தின்றுவிடும். ஆயில் முதலில் ரேடியேட்டர் கூலருக்கும், பிறகு புதுக் கூலருக்கும் போய்க் கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டை குத்திக் கட்ட விடாதீர்கள், பிராக்கெட் போடச் சொல்லுங்கள். ஹோஸ், கியர் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். இங்கே பெட்ரோல் ஹோஸை மாட்டிவிடுவார்கள்; அது இறுகி வெடித்தால் சில நிமிஷத்தில் கியர்பாக்ஸ் காலி.

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் டி (டிரைவ்) கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட்பிரேக் போடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கியர் ஆயில் கூலர் இரண்டே மாதத்தில் ஒழுகிவிட்டது. விற்றவர் டெல்லியில் இருக்கிறார், மாட்டிய விதம் தப்பு என்கிறார். திருவாரூரில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? – வாசகர், திருவாரூர்

பதில்: முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ஹோஸ் சேரும் இடம் என்றால் விற்றவர் பக்கம் நியாயம் இருக்கலாம். கூலரின் உடம்பிலேயே ஒழுகினால், கல் அடித்த தழும்பும் இல்லை என்றால், பொருள்தான் குறை. கழற்றியதை வெல்டிங் வைக்காதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம் அதைப் பரிசோதனைக்கு அனுப்பும்.

பில், போட்டோ, மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு மூன்றையும் வைத்து விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், டெல்லிக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கூலர் விலையைக் கேட்பது எளிது. கியர்பாக்ஸும் கெட்டது என்று நஷ்டஈடு கேட்டால், ஒழுகலால்தான் கெட்டது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி கார். இதற்கும் கூலர் வேண்டுமா? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: வேண்டாம். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ மிதிக்கிறது. அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது, சூடானால் கிளட்ச் தட்டுதான் தேயும். மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள்.