கண் கூரையில், கதவு தரையில்

பெங்களூரு ஹொரமாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "முப்பதுக்கு நாற்பது சைட். கீழே கார் நிறுத்த இடம், மேலே வீடு. நாலு வருடம் முன்பு மோட்டார் வைத்த கேரேஜ் கதவு போட்டோம். பட்டை பட்டையாக மடங்கி மேலே போய் சீலிங்குக்கு அடியில் படுத்துக்கொள்ளும் வகை. போன மழைக்காலத்தில் பாதி இறங்கிவிட்டு மறுபடி மேலே போக ஆரம்பித்தது, மூடவே மூடாது. பார்க்க வந்த டெக்னீஷியன், பல்லியும் இலையும் சென்சாரை மறைக்கிறது என்று சொல்லி, தரைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு சென்சாரையும் கழற்றி மேலே மோட்டாரை ஒட்டி மாட்டிவிட்டுப் போனார். இப்போது ஒழுங்காக மூடுகிறது. ஆனால் சென்ற வாரம் வழியில் இருந்த காலி தண்ணீர் கேன் மேல் இறங்கி அதை நசுக்கிவிட்டது. வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். நாமே சோதித்துப் பார்க்க வழி உண்டா? ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட வேண்டுமா?"

முதலில் ஒன்று செய்யுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது, கண்ணால் பார்த்துக்கொண்டே கதவை மூடி, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரிமோட்டை பீரோவில் வையுங்கள். கார் இரண்டு நாள் வெளியே நிற்கட்டும்.

அந்த டெக்னீஷியன் செய்தது புதிய தந்திரம் இல்லை. இந்திராநகரில் ஒரு வீட்டில் இரண்டு சென்சாரையும் எதிரெதிரே வைத்து செல்லோடேப் சுற்றியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். டேப் மஞ்சள் பூத்திருந்தது, அதாவது வருடக்கணக்காக அப்படியே ஓடியிருக்கிறது. ஒரு சென்சார் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், எதிரில் இருப்பது வாங்கிக்கொள்ளும். நடுவில் ஏதாவது வந்து ஒளி அறுந்தால், இறங்குகிற கதவு நின்று மேலே திரும்ப வேண்டும். கூரைக்கடியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு நடுவே பூனைகூட வராது. மோட்டாரைப் பொறுத்தவரை வழி எப்போதும் காலி. கேட்டால் "ஏனூ ஆகல்ல மேடம்" (ஒன்றும் ஆகாது) என்பார்கள். கதவு மூடுகிறதா என்பதுதான் அவர்கள் பார்க்கும் ஒரே சோதனை.

அந்தச் சென்சார் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தவழும் குழந்தையும் விழுந்து கிடக்கும் குழந்தையும் அந்த உயரத்தில்தான் இருப்பார்கள். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படிப்பட்ட கதவுகளுக்கு அடியில் சிக்கி இறந்த பிறகுதான் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் அங்கே தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு இந்த ஒளிச் சென்சாரோ, கதவின் அடி விளிம்பில் தொட்டால் உணரும் பட்டையோ கட்டாயம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் சென்சாரைவிட எனக்கு உறுத்தியது அந்தத் தண்ணீர் கேன்தான். சென்சார் இல்லாவிட்டாலும் இன்னொரு காவல் இருக்கிறது: கதவு எதிலாவது முட்டினால், மோட்டார் அந்த எதிர்ப்பை உணர்ந்து தானாகத் திரும்ப வேண்டும். இருபது லிட்டர் கேன் லேசில் நசுங்குகிற பொருளில்லை. அதை நசுக்கும்வரை கதவு அழுத்தியிருக்கிறது என்றால், இரண்டாவது காவலும் தூங்குகிறது. மோட்டாரின் அழுத்த அளவை யாரோ கூட்டி வைத்திருக்கலாம். ஏன் கூட்டுவார்கள்? பெரும்பாலும் கதவு கனத்துப்போனதால்.

கதவைத் தூக்குவது மோட்டார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். நூறு கிலோவைத் தொடும் கதவுகளையும் ஸ்பிரிங் சமன் செய்து வைத்திருப்பதால்தான் சின்ன மோட்டார் அதை ஏற்றி இறக்குகிறது. சாதாரண ஸ்பிரிங்குக்கு ஆயுள் சுமார் 10,000 தடவை என்பார்கள். திறந்து மூடினால் ஒரு தடவை. நாளுக்கு ஆறு முறை என்றால் நாலரை வருடம். உங்கள் கதவுக்கு நாலு வயது ஆகிவிட்டது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் கதவு கனக்கும், மோட்டார் திணறி நடுவில் நிற்கும், வந்தவர் அழுத்தத்தைக் கூட்டிவிட்டுப் போவார். திணறல் போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும்.

அதனால் சோதனையை ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். கதவு முழுதாக மூடியிருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் தண்டிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். கதவுக்கும் மோட்டாருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். (கதவு மேலே இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. ஸ்பிரிங் அறுந்திருந்தால் மொத்தப் பாரமும் கீழே வரும்.) இப்போது இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இடுப்பு உயரம் வரை தூக்குங்கள். கால் கதவுக்கு அடியில் வராமல் இருக்கட்டும், பட்டைகளின் இடுக்கில் விரலை வைக்காதீர்கள். நல்ல கதவு அரிசி மூட்டையைப் போல இழுக்காது. பாதியில் பிடியைத் தளர்த்தினால் அங்கேயே நிற்கும், ஒரு சாண் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. கீழே விழப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தூக்கவே முடியவில்லையா, கதவுக்கு மேலே இருக்கும் சுருளைத் தூரத்திலிருந்து பாருங்கள். சுருளில் இரண்டு அங்குல இடைவெளி தெரிந்தால் அறுந்தே போயிருக்கிறது. எப்படியிருந்தாலும் கதவை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்கையும், அதிலிருந்து கீழே வரும் கம்பிக் கயிற்றையும், அவை மாட்டியிருக்கும் போல்ட்டையும் நீங்கள் ஸ்பேனரால் தொட வேண்டாம். வீட்டில் எல்லா வேலையையும் தானே செய்பவன் நான். அதை மட்டும் தொடமாட்டேன்.

கதவு சமமாக நின்றால் அடுத்தது கட்டைச் சோதனை. ஆசாரியிடம் ஒன்றரை அங்குல கனமுள்ள ரீப்பர் துண்டு ஒன்று வாங்கி, கதவு தரையைத் தொடும் இடத்தில் நட்ட நடுவில் படுக்கையாக வையுங்கள். பிடிப்பை மறுபடி மாட்டி, தள்ளி நின்று, கதவை இறக்குங்கள். கட்டையைத் தொட்ட இரண்டு விநாடிக்குள் கதவு மேலே திரும்ப வேண்டும். அங்கேயே நின்று உறுமினாலும் தோல்விதான். கட்டைக்குப் பதிலாகக் கையையோ காலையோ வைத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். ஒன்று நினைவிருக்கட்டும்: கடைசி ஓர் அங்குலத்தில் தட்டுப்படுவதை பல மோட்டார்கள் தரை என்றே எடுத்துக்கொள்ளும். படுத்திருக்கும் பூனையின் வாலை இந்தக் காவல் காப்பாற்றாது.

சென்சாரைப் பழைய இடத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள், இறக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். அப்புறம் கதவு இறங்கும்போது உள்பக்கம் நின்று, மாப் குச்சியைச் சென்சார் உயரத்தில் குறுக்கே நீட்டுங்கள். உடனே திரும்ப வேண்டும். முதலில் ஏன் தகராறு செய்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அதே கதைதான். பல மாடல்களில் சென்சாரில் சின்ன விளக்கு இருக்கும். நிலையாக எரிந்தால் இரண்டும் நேருக்கு நேர் பார்க்கின்றன, மினுக்கினால் ஏதோ தவறு. பாதி நேரம் காரணம் சிலந்திக் கூடும் சேறு தெறித்த கறையும்தான், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இல்லையென்றால் கார் டயரோ சைக்கிளோ இடித்துப் பிடி கோணியிருக்கும், அல்லது பெருச்சாளி வயரைக் கடித்திருக்கும். சாயங்காலம் மட்டும் தகராறு என்றால் மேற்கு வெயில் நேராக வாங்கும் கண்ணில் விழுகிறது. அனுப்புவதையும் வாங்குவதையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் சமையலறைப் பக்கம் போகாதீர்கள். தேங்காய் எண்ணெய் நம் ஊர்த் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கீல், இரும்பு உருளையின் பேரிங், ஸ்பிரிங் சுருள் இவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் ஸ்ப்ரே அல்லது லித்தியம் கிரீஸ். உருளை ஓடும் தண்டவாளத்தில் எதுவும் தடவ வேண்டாம், துடைத்தால் போதும்.

சுவர் பட்டன் பேரனுக்கு எட்டாத ஐந்தடி உயரத்தில், கதவு தெரியும் இடத்தில் இருக்கட்டும். சிவப்புக் கயிறு எதற்கென்று வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். கரண்ட் போனால் வெளியே போக அதுதான் வழி.

ஏஎம்சி போடலாம், ஆனால் சோதனையை அவர்களிடம் ஒப்படைத்துவிட முடியாது. கட்டையும் மாப் குச்சியும் மாதம் ஒருமுறை உங்கள் வேலை, பத்து நிமிடம் ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங்கையும் கம்பிக் கயிற்றையும் பார்த்து இழுவையைச் சரிசெய்யத்தான் ஆள் வேண்டும். ஒப்பந்தத்தில் ஸ்பிரிங் சேர்த்தியா என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ரீப்பர் கட்டையை நடுவில் வைத்து, "ஒரு தடவை இறக்கிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.