மெல்லாமல் விழுங்கும் காலம்: உடல் பருமன் பற்றிய கேள்வி பதில்

பத்தொன்பது ஆண்டுகளாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். பதப்படுத்திய உணவு, நம்மைச் சூழ்ந்திருக்கும் உணவுக் கடல், உடல் எடை ஆகியவை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மருந்து, அறுவைச் சிகிச்சை பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது. அவற்றை உங்கள் உடலைச் சோதித்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

கேள்வி: அம்மா, மாவு அரைப்பதும் பதப்படுத்தல்தானே? அப்படியென்றால் எதைத்தான் குறை சொல்கிறீர்கள்?

அரைப்பது, காய வைப்பது, புளிக்க வைப்பது, வேக வைப்பது எல்லாமே பதப்படுத்தல்தான். அவற்றின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் 'நோவா' என்ற வகைப்பாட்டை முன்வைத்தார். இன்று அது உணவுகளை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கிறது: இயல்பாகவோ சற்றே மாற்றியோ உண்பவை, எண்ணெய், சர்க்கரை, உப்பு போன்ற சமையல் பொருட்கள், இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் எளிய உணவுகள், நான்காவதாக, அதீதமாகப் பதப்படுத்தியவை. நான் எச்சரிப்பது இந்த நான்காவது பிரிவைப் பற்றி மட்டுமே. பாக்கெட்டின் பின்புறம் இருக்கும் பொருட்பட்டியலைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், பிரித்தெடுத்த புரதம், பால்மமாக்கி, சுவையூட்டி என்று எந்த வீட்டுச் சமையலறை அலமாரியிலும் இல்லாத பெயர்கள் வரிசையாக வந்தால், அது நான்காவது பிரிவு.

கேள்வி: இவற்றை உண்பவர்கள் பருமனாக இருக்கிறார்கள் என்பது வெறும் தொடர்பாக இருக்கலாம். இவைதான் காரணம் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. இதை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் ஆலோசனை முறையையே மாற்றிய ஆய்வு இது.

2019இல் வெளியான இந்த ஆய்வுக்காக அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனை வளாகத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை இரு பக்கமும் ஏறக்குறைய சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம், வேண்டாததை மிச்சம் வைக்கலாம். எடையைக் குறைக்கவோ கூட்டவோ யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. சுவை எப்படி என்று கேட்டபோது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். சுவைக்கு மயங்கி அதிகம் தின்றார்கள் என்று சொல்ல வழியில்லை.

இரண்டு வேறுபாடுகள் கண்ணில் பட்டன. பதப்படுத்தியதை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். பானங்களைத் தவிர்த்துக் கணக்கிட்டால், ஒரு கிராமில் அடங்கிய கலோரியும் ஏறக்குறைய இருமடங்கு. நார்ச்சத்தைச் சமமாக்க அந்தப் பக்கத்தில் அதைப் பானத்தில் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு செய்தியே எனக்குப் போதும். கரைத்துக் குடிக்கும் நாரைப் பல் அரைப்பதில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் செய்தி சேர்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

இது சிறிய ஆய்வு, குறுகிய காலம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எடை குறைய எந்த ஒரே உணவை நிறுத்தினால் போதும்?

ஒரே உணவு என்று எதுவும் இல்லை. கட்டாயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டுமென்றால், சர்க்கரையைக் குடிப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி: நான் குளிர்பானம் குடிப்பதில்லை. சர்க்கரை சேர்க்காத பழச்சாறு மட்டுமே குடிக்கிறேன். அது நல்லதுதானே?

நல்லது என்று நினைத்துக்கொண்டே பலர் எடை ஏறிய வழி இது. முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் சாறு மூன்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1977இல் வெளியானது. முழுப் பழத்தை உண்ணும் வேகத்தைப்போல 11 மடங்கு வேகத்தில் சாற்றைக் குடித்துவிட முடிந்தது. மூன்றில் பசியை மிகக் குறைவாகத் தணித்ததும் சாறுதான்.

2000இல் வெளியான மற்றோர் ஆய்வில், தினமும் 450 கலோரி சர்க்கரையை நான்கு வாரம் மிட்டாயாகவும் நான்கு வாரம் குளிர்பானமாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்றபோது மற்ற உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். பானமாகக் குடித்தபோது குறைக்கவே இல்லை. குடித்த கலோரியை உடல் சரியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. உலக சுகாதார அமைப்பும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையோடுதான் சேர்க்கிறது. பழத்துக்குள் இருப்பதைச் சேர்ப்பதில்லை. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: எல்லாம் மனக்கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது? வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு நீங்கள் ஏன் சாக்குத் தேடிக் கொடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்வி எனக்குக் கோபம் தருகிறது. அந்தக் கோபத்தோடுதான் பதில் சொல்கிறேன். 1990க்கும் 2022க்கும் இடையே உலகில் பெரியவர்களின் உடல் பருமன் இருமடங்குக்கும் மேலானது. வளரிளம் பருவத்தினரிடம் நான்கு மடங்கானது. 2022 கணக்கில் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடல் பருமனோடு வாழ்கிறார். முப்பது ஆண்டுகளில் கண்டங்கள் தோறும் குழந்தைகளின் மன உறுதி ஒரே நேரத்தில் குலைந்துபோனது என்று நம்பச் சொல்கிறீர்களா? அந்தக் காலத்தில் மாறியது அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. பள்ளி வாசல், பெட்ரோல் நிலையம், மருந்துக்கடைக் கல்லா, கைப்பேசித் திரை என்று எங்கு திரும்பினாலும் உடனே உண்ணத் தயாராக ஏதோ ஒன்று நிற்கிறது.

என்னிடம் வருபவர்களில் பலர் உட்கார்ந்ததும் முதலில் சொல்லும் வார்த்தை "தப்பு என்மேல்தான்". ஒரு நாளில் ஐம்பது முறை வேண்டாம் என்று சொல்லி, ஐம்பத்தொன்றாவது முறை தோற்றவர்கள் அவர்கள். அவர்களைச் சோம்பேறி என்பவர்களுக்கு அந்த ஐம்பது வெற்றிகளும் தெரிவதில்லை.

கேள்வி (உணவுத் தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்): நோவா வகைப்பாடு குழப்பமானது. ஆலையில் சுட்ட முழுத்தானிய ரொட்டியும் இனிப்புக் குளிர்பானமும் ஒரே பிரிவில் விழுகின்றன. ஹால் ஆய்வு காட்டியது கலோரி அடர்த்தியின் விளைவை. 'பதப்படுத்தல்' என்ற சொல்லை வைத்து மக்களைப் பயமுறுத்தாதீர்கள்.

ரொட்டி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். நீண்ட கால ஆய்வுகளில் நான்காவது பிரிவைப் பிரித்துப் பார்த்தால், தீங்கு அதிகம் தெரிவது இனிப்புப் பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும். முழுத்தானிய ரொட்டியில் அது தெரியவில்லை. அந்த ரொட்டியைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம்.

ஆனால் அந்தக் கலோரி அடர்த்தி எங்கிருந்து வந்தது? மாதக்கணக்கில் கெடாமல் இருக்க நீரை எடுத்தீர்கள். வாயில் கரைய வேண்டும் என்று தானியத்தின் கட்டமைப்பை உடைத்தீர்கள். உடைந்த இடத்தில் எண்ணெயையும் சர்க்கரையையும் நிரப்பினீர்கள். அடர்த்தி தானாக வருவதில்லை, பதப்படுத்தும் முறைதான் அதைக் கொண்டுவருகிறது. கட்டமைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு பாதாம். முழுப் பருப்பாகத் தின்றால், வழக்கமான கணக்கு காட்டும் கலோரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உடலில் சேராமலே போகிறது என்று 2012இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் அளந்தார்கள். அதையே வெண்ணெய்போல அரைத்துவிட்டால் அந்தக் கழிவு கிடையாது. பருப்பு அதே பருப்பு, மாறியது அரைப்பு மட்டுமே.

அதே நபர்: நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அதீதமாகப் பதப்படுத்திய உணவுதான். மெதுவாக மெல்ல வேண்டிய வகையைக் கொடுத்தபோது தினமும் முன்னூறுக்கும் மேற்பட்ட கலோரி குறைந்தது. ஆகவே குற்றம் ஆலையுடையது அல்ல, மென்மையுடையது.

நல்ல சான்று. அதை நான் மறுக்கவில்லை, அது நான் வேகத்தைப் பற்றிச் சொன்னதற்கே வலுச் சேர்க்கிறது. அதனோடு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் 2025 ஆய்வையும் வைத்துப் பாருங்கள். 55 பேர், ஒவ்வொரு உணவுக்கும் எட்டு வாரம். இரண்டு உணவும் அரசின் ஊட்டச்சத்து வழிகாட்டுதலுக்கு உட்பட்டவை. இரண்டிலும் எடை குறைந்தது. குறைவாகப் பதப்படுத்தியதில் சுமார் 2 சதவீதம், மற்றதில் சுமார் 1 சதவீதம். நல்ல முறையில் தயாரித்தால் பாதித் தூரம் போகலாம், மீதிப் பாதி இன்னும் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

இடையில் வந்த மற்றொருவர்: அம்மா, ஆலைக்காரர்களோடு என்ன பேச்சு? எல்லாமே விஷம் என்று சொல்லிவிடுங்கள்.

சொல்ல மாட்டேன். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புபவருக்கு உறைய வைத்த காய்கறியும் டப்பாவில் அடைத்த பருப்பும் பெரிய உதவி. எல்லாவற்றையும் விஷம் என்றால், சமைக்க நேரமில்லாத தாய் தன் பிள்ளைக்கு விஷம் ஊட்டுவதாக நினைத்து அழுவாள். அப்படி அழுதவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த விவாதத்தில் நேரம் போய்விட்டது. காத்திருப்பவர்களுக்கு வேகமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சின்னத் தட்டில் சாப்பிட்டால் எடை குறையுமா?

நம்பி இருக்காதீர்கள். தட்டு, கிண்ணம் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற பிரையன் வான்சிங்கின் பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2018இல் ஒரே நாளில் ஆறு. தட்டில் இருப்பது என்ன என்று பாருங்கள்.

கேள்வி: உடற்பயிற்சி செய்தால் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழு ஆராய்ந்து 2012இல் வெளியிட்டது. நாள் முழுதும் நடக்கும் அவர்கள் செலவிடும் மொத்த ஆற்றல், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்களுடையதைவிட அதிகமில்லை. இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் மனத்துக்கும் உடற்பயிற்சி அவசியம். தினமும் நடங்கள். அது தட்டில் இருப்பதை அழிக்கும் ரப்பர் ஆகாது.

கேள்வி: செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பானம்?

எடையைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் பரிந்துரைத்தது. தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: பசியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள். தொடக்கத்திலேயே சொன்னேன்.

கேள்வி: எந்த ஓர் உணவை நிறுத்தினால் எடை குறையும்?

மேலே பதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: இது தனிமனிதர் பிரச்சினை இல்லை என்றால், எந்த நாடாவது ஏதாவது செய்திருக்கிறதா?

சிலி செய்தது. 2016 முதல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை பெற்றவற்றைப் பள்ளிக்குள் விற்கக்கூடாது, சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது. அதன்பின் முத்திரைக்கு உரிய இனிப்புப் பானங்களின் கொள்முதல் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. பிரிட்டன் 2018இல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள குளிர்பானத்துக்கு வரி போட்டது. வரிக்குத் தப்ப நிறுவனங்களே சர்க்கரையைக் குறைத்தன. வாங்குபவர் எதையும் மாற்றாமலே அவர் குடிக்கும் சர்க்கரை குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தம் இதுதான், ஏனென்றால் களைத்துப்போன ஒருவரிடம் இது எந்த மன உறுதியையும் கேட்கவில்லை.

கேள்வி: காலையில் எந்த உணவைத் தவிர்த்தால் சீக்கிரம் எடை...

இதே கேள்வி ஏழாவது முறை. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். குடிக்கும் சர்க்கரையை விடுங்கள். மென்று சாப்பிட வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்.

உணவுத் தொழில்நுட்பத்தில் இருப்பவர் மீண்டும்: மெதுவாக மெல்ல வேண்டிய, நீர் அதிகமுள்ள, கலோரி அடர்த்தி குறைந்த உணவை ஆலையில் செய்தால் உங்களிடம் வருபவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?

பரிந்துரைப்பேன். 100 கிராமுக்கு எத்தனை கலோரி, ஒரு பங்கை உண்டு முடிக்க எத்தனை நிமிடம், நார் தானியத்தோடு ஒட்டியிருக்கிறதா அல்லது தனியே சேர்த்ததா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். முதலில் நானே இரண்டு வாரம் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.